குடிபெயர்வோரின் உடைமையும் ஊர்தியும்

ஒரு நாட்டில் வேரூன்றி வாழ்ந்தவர் மற்றொரு நாட்டிற்குக் குடிபெயர முற்படும்போது, "எதைக் கொண்டு செல்வது? எதை விட்டுச் செல்வது?" என்ற கேள்வி முதலில் எழுகிறது. அக்காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர் பலருக்கு ஒரு தகரப் பெட்டியே முழு உடைமையாக இருந்தது. இன்றோ வீடு நிறையத் தட்டுமுட்டுச் சாமான்கள்; அலமாரி நிறைய நூல்கள்; வாசலில் ஒரு மோட்டார் கார். இவற்றுள் எதற்கு என்ன சட்டம் என்று அறியாமல் கப்பலேற்றினால், பல்லாண்டுச் சேமிப்பு ஒரே மாதத்தில் கரைந்துபோகக் கூடும். ஆகவே இப்பொருளைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

உல்கு என்னும் பழைய முறை

நாட்டுக்குள் வரும் பொருளுக்கு வரி தண்டுவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. துறைமுகத்தில் கொள்ளும் வரியை 'உல்கு' என்ற சொல்லால் வழங்கினர். திருக்குறளிலும் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டுக் காவல் காத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் பெற்றதும் தமிழாசிரியர் அறிந்ததே.

உல்கு வாணிகச் சரக்கின் மேல் எழுந்த வரி. விற்று ஊதியம் பெறுவதற்காக வரும் பொருள், அந்த ஊதியத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுக்கட்டும் என்பதே அதன் அடிப்படை. அப்படியானால், ஒருவர் படுத்த கட்டிலும் படித்த நூலும் சரக்காகுமா? ஆகா என்பதே இன்றைய சுங்கச் சட்டங்களின் விடை. ஆனால் அது சரக்கன்று என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கொண்டு வருபவரைச் சார்ந்தது.

வீட்டுப் பொருளுக்கு மூன்று சோதனைகள்

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெளிநாட்டிலிருந்து இங்கு வாழ வருபவர் தாம் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களைப் பொருள் சேவை வரியின்றிக் கொண்டு வரலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அப்பொருள்கள் குறைந்தது 3 மாதமாவது அவருக்கு உரியனவாகவும் அவரால் பயன்படுத்தப்பட்டனவாகவும் இருத்தல் வேண்டும். இரண்டு, அவர் முதன்முதலாக வந்திறங்கிய 6 மாதத்திற்குள் அவை வந்து சேர வேண்டும். மூன்று, வந்த பின் 3 மாதத்திற்கு அவற்றை விற்கவோ பிறருக்குக் கைமாற்றவோ மாட்டேன் என்று உறுதிமொழி தரவேண்டும்.

இம்மூன்றும் வெவ்வேறாகத் தோன்றினும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது உன் வாழ்க்கையின் பகுதியா, அல்லது விலைக்கு வந்த சரக்கா?" பழமையும், உரிய காலத்தில் வருதலும், விற்காமையும் அதற்குச் சான்றுகளாகின்றன.

இதனை உணராதவர் பலர், புறப்படும் வாரத்தில் கடைக்குச் சென்று புதிய குளிர்ப்பதனப் பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாங்கிக் கட்டுகின்றனர். உறை பிரிக்காத அப்புதுப் பொருள் 3 மாதச் சோதனையில் தேறாது, வரிக்கு உள்ளாகும். பழைய நாற்காலிக்கு உள்ள சலுகை புதிய நாற்காலிக்கு இல்லை. மதுவும் புகையிலையும் பழமையைக் காட்டிச் சலுகை பெற முடியாதவை. மோட்டார் வாகனமும் அப்படியே.

ஊர்தி ஏன் விலக்கப்பட்டது?

பத்தாண்டு படுத்த கட்டிலுக்குக் கிடைக்கும் சலுகை, இரண்டாண்டு ஓட்டிய காருக்கு ஏன் கிடைப்பதில்லை? கட்டில் வீட்டுக்குள் அடங்குவது. அதனால் அயலாருக்கு இடையூறு இல்லை. காரோ பொதுச் சாலையில் வாழ்வது. அதன் புகை எல்லாரும் மூச்சிழுக்கும் காற்றில் கலக்கிறது. அது நிற்கும் இடம் பிறர் நிற்கக்கூடிய இடம். ஆதலால் உரிமையாளர் அதனை எவ்வளவு காலம் ஓட்டினார் என்பதைவிட, தன் சாலைக்கு அது ஏற்றதா என்பதையே நாடு பார்க்கிறது.

சிங்கப்பூர் 1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியுள்ளது. ஒரு காரைப் பதிவு செய்ய, ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். அது 10 ஆண்டுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்குரிய சான்றிதழ் 150,000 வெள்ளியைத் தாண்டியது. வெளிநாட்டில் ஓடிய காரைக் கொண்டு வருவோர்க்கு மேலும் மூன்று தடைகள் உள்ளன. முதன்முதலில் பதிவான நாளிலிருந்து 3 ஆண்டு நிறையாத காராக அது இருக்க வேண்டும். சுழற்சக்கரம் வலப்புறம் இருக்க வேண்டும். புகைத் தரச் சோதனையிலும் தேற வேண்டும்.

ஒரு கணக்கு

எண்களால் காட்டினால் இது எளிதில் விளங்கும். காரின் பொதுச் சந்தை மதிப்பு 30,000 வெள்ளி என்று சுங்கத்துறை கணித்ததாகக் கொள்வோம். தீர்வை நூற்றுக்கு 20 வீதம் 6,000 வெள்ளி. மதிப்பும் தீர்வையும் சேர்ந்த 36,000 வெள்ளிக்குப் பொருள் சேவை வரி நூற்றுக்கு 9 வீதம் 3,240 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு அதே அளவு தொகையும், அடுத்த 20,000 வெள்ளி வரை நூற்றுக்கு 140 வீதமும் கட்ட வேண்டும். ஆகவே 20,000 வெள்ளியும் 14,000 வெள்ளியும் சேர்ந்து 34,000 வெள்ளி. பழைய காரைக் கொண்டு வருவதற்கான மிகைக் கட்டணம் 10,000 வெள்ளி. மொத்தம் 53,240 வெள்ளி.

முப்பதாயிரம் பெறும் காருக்கு ஐம்பத்து மூவாயிரம் வரி! உரிமைச் சான்றிதழின் விலையும், கப்பற் கூலியும், சோதனைச் செலவும் இதில் சேரவில்லை. வண்டியின் மேலுள்ள அன்பினால் இதனைச் செய்ய விரும்புவோர் செய்யலாம். சிக்கனம் கருதி எவரும் செய்ய இயலாது.

எல்லா நாடும் இப்படியன்று. பிரிட்டனில் குடியேறுபவர், 12 மாதமாவது அந்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவராகவும், காரை 6 மாதமாவது தாமே வைத்து ஓட்டியவராகவும் இருந்தால் இறக்குமதி வரி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். பின்னர் 12 மாதம் அதனை விற்றலாகாது. அங்கே காரும் ஏறத்தாழக் கட்டிலைப் போலவே நடத்தப்படுகிறது. ஆகவே ஒரு நாட்டில் உறவினர் பெற்ற அனுபவத்தை மற்றொரு நாட்டுக்குச் சட்டமாகக் கொள்ளலாகாது.

விருந்தாளி வண்டியும் குடியேறிய வண்டியும்

ஜொகூர்ப் பாலத்தில் நாள்தோறும் மலேசியக் கார்கள் சிங்கப்பூருக்குள் வருகின்றனவே, அவற்றுக்கு இவ்வளவு வரியா என்று கேட்கலாம். இல்லை. அவை விருந்தாளி வண்டிகள். நுழைவு அனுமதி பெற்று வந்து திரும்புகின்றன. சுற்றுலாவாக வரும் தனியார் வண்டியைத் தற்காலிகமாக வரியின்றி விடுவதற்கு 1954இல் நியூயார்க்கில் ஓர் அனைத்துலக உடன்படிக்கையே செய்யப்பட்டது. ஆனால் சிங்கப்பூரில் குடியிருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ மலேசியப் பதிவெண் கொண்ட காரை இங்கு வைத்து ஓட்டக் கூடாது. வண்டி பழையதே, ஓட்டுபவரும் பழையவரே. அவர் குடியிருப்பு மாறியதும் வண்டியின் நிலையும் மாறிவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து வேலை மாறி இங்கு வருவோர் இதனை முதலிலேயே அறிந்திருத்தல் நலம்.

கடல்வழியில் கவனிக்க வேண்டியவை

பொருள்களை அடைக்கும் பச்சை மரப்பெட்டியில் பூச்சி புழு ஒளிந்து வரலாம். ஆதலால் மரத்தின் உட்பகுதி 56 பாகைச் சூட்டில் 30 நிமிடம் இருக்குமாறு பதப்படுத்தி முத்திரையிட வேண்டும் என்று 2002இல் அனைத்துலக விதி வகுக்கப்பட்டது. முத்திரையற்ற பெட்டி துறைமுகத்தில் நிறுத்தப்படக் கூடும்.

காப்புறுதியை வீண்செலவு என்று எண்ணுவோர் உளர். கடல் வாணிகத்தில் 'பொது நட்டம்' என்றொரு பழைய விதி உண்டு. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து மீட்கச் செய்த செலவை, கப்பலில் பொருள் ஏற்றிய அனைவரும் தத்தம் பொருளின் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக் கிடந்தபோது அதன் உரிமையாளர் இவ்விதியை அறிவித்தார். இத்தகைய வேளையில், தம் பொருள் சிறிதும் சேதமடையாவிட்டாலும் உரியவர் பங்குக்கு உறுதி தந்த பின்னரே அதனை மீட்க முடியும். காப்புறுதி செய்தவருக்கு அச்சுமையைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும்.

எடுத்து வரக் கூடாத முதுசொம்

தமிழகத்திலிருந்து வருவோர்க்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை வேண்டும். பாட்டனார் வைத்திருந்த ஏட்டுச் சுவடியும், பரம்பரையாக வந்த வெண்கலத் திருவுருவும் நம் வீட்டுப் பொருள்தானே என்று பெட்டியில் வைத்துவிடலாகாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களும், 75 ஆண்டுக்குக் குறையாத பழமையும் இலக்கிய, வரலாற்று மதிப்பும் உடைய சுவடிகளும் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது. சுவடியை உரிய நூலகத்தில் ஒப்படைத்து அதன் படியை எடுத்து வருவதே ஏட்டுக்கும் நமக்கும் நல்லது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைச் சுருங்கக் கூறுவோம். நெடுநாள் பழகிய பொருளைத் தயங்காது கொண்டு வரலாம். சட்டம் அதனை மதிக்கிறது. அறை அறையாகப் பட்டியல் எழுதி, விலைச் சீட்டு இருப்பின் அதனையும் சேர்த்து வைக்க வேண்டும். புதுப்பொருளைப் போய்ச் சேர்ந்த ஊரிலேயே வாங்குவது நன்று. காரைப் பொறுத்தவரை, செல்லும் நாட்டின் விதியைப் படித்துக் கணக்குப் போட்ட பின்னரே கப்பற் கூலி பேச வேண்டும். சிங்கப்பூருக்கு வருபவராயின், பெரும்பாலும் அதனைப் புறப்படும் ஊரிலேயே விற்றுவிடுவதுதான் அறிவுடைமை. அந்தப் பணத்தின் ஒரு பகுதி, ஆசிரியர் ஒருவரின் நூலகம் முழுவதையும் கடல் கடத்தப் போதுமானது. கார் மீண்டும் வாங்கக் கிடைக்கும். ஓரங்களில் தம் கையால் குறிப்பெழுதிய நூல் எந்தக் கடையிலும் கிடைக்காது.