மார்கழி ஏரியும் மீனின் மூச்சும்

தாம்பரத்தை ஏரிகள் சூழ்ந்த ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது. சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை என்று நாம் பஸ்ஸில் ஏறி இறங்கும் இடங்களின் பெயர்களே ஏரிகளின் பெயர்களும் ஆகும். வடமேற்கே குன்றத்தூரைத் தாண்டிச் சென்றால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிரம்பி மார்கழியில் தளும்பி நிற்கும்போது, கரையில் நிற்கும் எவருக்கும் ஓர் எண்ணம் தோன்றும்: இவ்வளவு நீர் இருக்கிறதே, மீன் எவ்வளவு இருக்கும்! ஆனால் வலை போடுகிறவரைக் கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்குவார். ஏரி நிறைந்திருக்கும் காலமே அவருடைய வலை இலேசாக வரும் காலம். இது ஏன் என்பதையும், பனிக்காலத்தில் நீருக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள முயல்வோம்.

முதற் காரணம் வெறும் கணக்குத்தான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 364 கோடியே 50 இலட்சம் கனஅடி. மாசி, பங்குனிக்குப் பிறகு வெயிலும், நகரத்துக்குக் குடிநீர் எடுப்பதும் சேர்ந்து நீரைக் குறைத்துக்கொண்டே வரும். அங்கே 2007-ஆம் ஆண்டு தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் மட்டுமே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைக் கையாளும் திறன் உடையது. நீர் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால், அதே மீன்கள் நான்கில் ஒரு பங்கு நீருக்குள் நெருங்கி நிற்கும், வலை கனக்கும். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஊரே திரண்டு ஊத்தாவும் வலையுமாகக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா கோடையில் நடப்பதும் இதனால்தான். மார்கழியிலோ மீன் பரந்த நீரில் சிதறிக் கிடக்கிறது. (நம் வீடுகளில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் என்று இறைச்சியை விலக்கும் நாட்களில் ஏரி மீன் தாராளமாகக் கிடைக்கத் தொடங்குவது நல்ல பொருத்தமே!)

இரண்டாவது காரணம் குளிர். மீனுக்கு நம்மைப்போல் சொந்த உடற்சூடு கிடையாது. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் பத்து டிகிரி குளிர்ந்தால் மீனின் உடல் இயக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அப்போது அது குறைவாகத் தின்னும், குறைவாக நீந்தும். குளிர்நாடுகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கிறது என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆகையால் 4 டிகிரி நீர் ஏரியின் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று பனிக்கட்டியாக உறைகிறது. அந்தக் கூரையின் கீழே மீன்கள் அடித்தளத்தில் அசையாமல் கிடந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கனடாவிலும் பின்லாந்திலும் பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுகிறவர்கள், அந்த மந்தமான மீனின் வாயருகே இரையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் குளிரை அதனுடன் ஒப்பிடுவது வேடிக்கையே. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரி, 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அது நேர்ந்தது. காற்று அவ்வாறு குளிர்ந்தாலும் ஏரி நீர் அவ்வளவு குளிர்வதில்லை. மே மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டும் நீர், மார்கழி விடியலில் ஏறக்குறைய 24, 25 டிகிரிக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆயினும் அந்தச் சில டிகிரிகளை மீன் உணர்கிறது. கோடையில் விடியற்காலையிலேயே தூண்டிலைக் கவ்வும் கெண்டை, மார்கழியில் வெயில் ஏறும்வரை அசட்டையாக இருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் கரையோரத்து ஆழமற்ற நீர் முதலில் சூடேறுகிறது. மீன் அங்கே மேயவருகிறது. மண்புழுவும் மாவு உருண்டையும் வைத்துக் காத்திருக்கும் அனுபவசாலிகள் இதை அறிந்து சோம்பலாகவே கிளம்பிவருவார்கள்.

காற்றும் ஒரு வழிகாட்டி. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, ஏரியின் மேல்நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தென்மேற்குக் கரைப்பக்கம் ஒதுக்குகிறது. நீரின் மேல்மட்டத்தில் மேயும் கட்லா அவற்றைத் தொடர்ந்து செல்லும். ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் அவற்றுக்குக் காற்றைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வலைக்காரர்கள் பரிசலிலோ தெர்மாகோல் மிதவையிலோ சென்று மாலையில் செவுள் வலையைக் கட்டிவிட்டு, விடியலில் எடுப்பார்கள். மழைநீர் கலங்கலாக இருக்கும் வரையில் மீனின் கண்ணுக்கு வலை தெரியாது. தை பிறந்து மண் படிந்து நீர் தெளிந்ததும் நிலவில்லாத இரவுகளையே அவர்கள் நம்பவேண்டும்.

இரவெல்லாம் உழைத்தும் வெறும் வலையோடு திரும்புவது என்றதும் நமக்குப் புனித இராயப்பர் நினைவுக்கு வருகிறார். அவர் வலைவீசிய கெனசரேத்துக் கடல், கடல் என்று பெயர் பெற்றாலும் உண்மையில் ஒரு நன்னீர் ஏரிதான். அங்கே 'இராயப்பர் மீன்' என்று அழைக்கப்படும் மீன், நம் ஏரிகளில் மண்டிக்கிடக்கும் ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி! இந்த இனத்துக்குக் குளிர் ஆகாது. ஆகவே குளிர்காலத்தில் அம்மீன்கள் கூட்டங்கூட்டமாக, வெந்நீர் ஊற்றுகள் வந்து கலக்கும் தப்கா என்னும் கரைப்பகுதியில் ஒதுங்குகின்றன. அங்குள்ள மீனவர்களுக்கு அதுவே அறுவடைக்காலம். உயிர்த்த ஆண்டவர் இராயப்பருக்குக் காட்சி தந்த இடமாக மரபு கூறுவதும் அந்தக் கரையையே. நம் ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைக் கொல்லும் அளவுக்கு நம் ஏரிகள் ஒருபோதும் குளிர்வதில்லை. ஆகவே அது ஆண்டு முழுவதும் பெருகி, நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் நம் மீன்களுக்குப் பனிக்காலத்தில் ஆபத்தே இல்லையா? உண்டு. அது குளிரால் வருவதன்று, மூச்சால் வருவது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலோ, 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 9 மில்லிகிராமும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமும்தான் கரைந்திருக்க முடியும். இந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டுதான் மீன் வாழ்கிறது. குளிர்ந்த நீர் அதிகம் பிராணவாயுவைத் தாங்கும், மீனுக்கும் அப்போது குறைவாகவே தேவைப்படும் என்பதால், மார்கழி அதற்குச் சுகமான மாதமாகத்தான் இருக்க வேண்டும். வானம் தெளிவாகவும் நீர் சுத்தமாகவும் இருந்தால் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஏரியின் பிராணவாயுவில் பெரும் பங்கைத் தருவது நீரிலுள்ள பச்சைப் பாசி. பகலில் வெயில் பட்டால் அது பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ அதுவும் மீனைப்போல் சுவாசித்துப் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆதலால் எந்த ஏரியிலும் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரிய உதயத்துக்குச் சற்று முன். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, மூன்று நான்கு நாட்கள் சூரியனே தெரியாமல் வானம் மூடிக்கிடந்தால் என்ன ஆகும்? பகலில் வரவு இல்லை. இரவில் செலவு மட்டும் நடக்கிறது. அதோடு குளிர்ந்த மழைநீர் மேலிருந்து கீழே அமிழ்ந்து, ஏரியின் அடியில் அழுகிக்கிடந்த சேற்றையும், அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவையும் கிளப்பிவிடுகிறது. புறநகர் ஏரிகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வீடுகள் பெருகிய வேகத்துக்குச் சாக்கடைகள் வரவில்லை. மழைநீர்க் கால்வாய் வழியாகக் கழிவுநீரும் ஏரிக்கே வந்து சேருகிறது. அந்தக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீனுக்கு எஞ்சிய பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனதும் கெண்டை இனங்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். கரையில் நிற்பவர்கள் "மீன் துள்ளுகிறது" என்று மகிழ்வதுண்டு. அது துள்ளல் அன்று, மூச்சுத் திணறல். மறுநாள் விடியலில் வெள்ளை வயிறு தெரிய மீன்கள் மிதக்கும்.

ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் கடன்பட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவருடைய ஓராண்டுச் சம்பாத்தியம் ஒரே இரவில் போய்விடும். ஏரியில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறவர் அந்தக் குடும்பத்தை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார். செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளைத் தூர்வாரிச் சீர்செய்யும் பணிகள் அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. கரைநடைபாதையைவிடக் கழிவுநீரைத் தடுப்பதே அவற்றுள் முக்கியமான வேலை என்பது எங்கள் கருத்து.

இப்படிப்பட்ட விடியலிலும் சாகாத மீன்கள் சில உண்டு. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை நீரின் மேல் வந்து நேரடியாகக் காற்றையே சுவாசிக்கும் உறுப்பு உடையவை. ஈரம் இருந்தால் தரையிலும் ஊர்ந்து செல்லும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் ஒரு பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்தக் கெண்டையைக் கண்டதாக எழுதி அனுப்ப, ஐரோப்பிய அறிஞர்கள் நம்புவதா வேண்டாமா என்று நெடுநாள் விவாதித்தார்கள். மரம் ஏறுமோ இல்லையோ, மழையில் ஏரி விட்டு ஏரி போகும் என்பதில் நம் கிராமத்தாருக்கு ஐயமில்லை. ஒரு ஏரியில் விராலும் தேளியும் மட்டுமே அகப்பட்டு, கட்லாவும் ரோகுவும் காணாமற்போனால் அந்த நீர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

மழைக்கால மீன்பிடித்தலில் மற்றொரு காட்சி கலங்கல். ஏரி நிரம்பி உபரிநீர் வழியும்போது மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏற முயலும்; அங்கே வீச்சு வலையும் பரியும் வைத்துச் சுலபமாகப் பிடித்துவிடலாம். சுலபம் என்பதாலேயே சிறுவர்களும் இறங்கிவிடுகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் 5 கண் மதகு, 19 கண் மதகு வழியாக வெளியேறித் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. மதகு திறந்தால் நீரின் வேகம் சில நிமிடங்களில் மாறிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மொட்டைமாடிகளில் நின்ற அந்த நாட்களை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. கலங்கலில் நிற்கும் பையனுக்கு மேலே எந்த மதகு எப்போது திறக்கிறது என்பது தெரியாது.

கலங்கலிலும் கரையோரத்திலும் மழைக்காலத்தில் அகப்படுபவை பெரும்பாலும் சிறு மீன்களே என்பதையும் கவனிக்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரியில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி 1957 ஜூலை 10 அன்று, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவ்வினங்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன் பிறகே நாடெங்கும் ஏரிகளுக்குத் தாராளமாகக் குஞ்சுகள் கிடைத்தன. ஏரி நிரம்பியதும் விடப்படும் விரலளவுக் குஞ்சு, நல்ல நீரில் ஓராண்டில் ஒரு கிலோவை எட்டக்கூடும். அதைக் கார்த்திகையிலேயே கொசுவலைத் துணியால் அரித்தெடுத்தால் ஒரு பிடிக் குழம்புக்குத்தான் ஆகும்.

விராலின் கதை வேறு. அது நம் ஏரியிலேயே மழைக்காலத்தில் கரையோரப் புல்லுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். நீரின் மேல் செம்பொன் நிறத்தில் ஒரு திரள், யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் அசைந்தசைந்து நகர்ந்தால், அது விரால் குஞ்சுகளின் கூட்டம். அதன் அடியில் பெற்ற மீன் காவலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நெருங்கும் தவளையையும் மீனையும் பாய்ந்து துரத்தும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பசி இல்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கும் கோபத்தில் அது இரையைக் கவ்விவிடும் என்று, அந்தச் சிவந்த திரளின் நடுவிலேயே தூண்டிலை இறக்குவார்கள். தாய்விரால் மேலே வந்தபின் சிறிது நேரத்தில் கெண்டைகளும் கெளுத்திகளும் வந்து சேர்கின்றன. மாலைக்குள் அந்தச் சிவப்பு கலைந்து போகிறது.