ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதானே?

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பக்கத்திலேயே ஒரு டீக்கடை, ஒரு பெட்டிக்கடை. சிகரெட்டை ஒற்றையாகவே வாங்கலாம். அதனால் அட்டையில் அச்சிட்ட எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை. "நாள் முழுக்கத் தூசியைத்தான் குடிக்கிறோம், இந்த ஒண்ணா கொல்லப்போகுது?" என்பார்கள். பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டு வேலை முடிந்து வருபவரும், "ரெண்டு பீடிதானே" என்பார்.

இந்தக் கணக்கு தப்பு. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு இதைத்தான் அளந்தது. தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழப் பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பிடிக்கும் அளவோடு ஏறும். இதயமோ கொஞ்சம் புகைக்கே நிறைய அடிவாங்கும்.

காரணம் எளிது. நிக்கோட்டின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தச் சிவப்பணுவைப் பற்றிக்கொள்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிய நேரத்தில் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்படுகிறது. அங்கே கொழுப்பு படிகிறது. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு உறைகட்டி ஆகின்றன. அந்தக் கட்டி இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்தால், அதுதான் மாரடைப்பு.

பீடி சாது என்று நினைப்பவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் பீடி இலை, சிகரெட் காகிதம் விடுவது போலக் காற்றை உள்ளே விடாது. இழுப்பு நின்றால் நெருப்பு அணைந்துவிடும். அதனால் விடாமல் இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாக உள்ளே போகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், சிகரெட்டைப் போலவே பீடியும் மாரடைப்பு ஆபத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குவது தெரிந்தது.

நம் மண்ணிலேயும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். சென்னையிலும், பெரம்பலூரை ஒட்டியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் சுமார் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்த ஆய்வை 2003இல் லான்செட் இதழ் வெளியிட்டது. சென்னையில் 25 முதல் 69 வயதுக்குள் நோயால் இறக்கும் விகிதம், புகைபிடித்தவர்களிடம் இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் இறப்பில் மூன்றில் ஒரு பங்கு இதய, ரத்தக்குழாய் நோய்களால் வந்தது.

பக்கத்தில் இருப்பவரும் தப்புவதில்லை. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவருக்கு இதயநோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. திண்ணையில் ஊதினாலும் வீட்டுக்குள் இருக்கும் மனைவியின் கணக்கில்தான் அது சேர்கிறது.

இன்னொரு ஆபத்து, நெஞ்சு வலித்தால் "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடிப்பது. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகள் கிடைக்கின்றன. திருச்சியோ தஞ்சாவூரோ போய்ச் சேரும்வரை அவை உயிரைப் பிடித்துவைக்க உதவும்.

விட்டால் பலன் உண்டு. ஓராண்டில் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குறைத்துக்கொள்வது போதாது, முழுதாக விட வேண்டும். தனியாக முடியவில்லை என்றால் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356; கட்டணம் இல்லை. அடுத்ததைப் பற்றவைக்கும் முன் அழையுங்கள்.