பதினான்காம் நாள்

விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், உயிர் பிழைத்து, ஆனால் மண்ணீரலை இழந்து ரூமுக்குத் திரும்பும் தொழிலாளியைப் பற்றி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே பைக்குகள் நெளிந்து போகும். பைக் சரிந்து ஹேண்டில்பார் இடது விலாவில் இடித்தால் பெரும்பாலும் கிழிவது மண்ணீரல்தான். சுமார் 150 கிராம் எடை, உள்ளே முழுக்க ரத்தம். கசிவு நிற்காவிட்டால் அதை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்ற முடியும். ‘மண்ணீரல் இல்லாமலும் வாழலாம்’ என்று தைரியம் சொல்லி அனுப்புகிறார்கள். வாழலாம்தான். எப்படி வாழவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய மூன்று கிருமிகளுக்கும் சர்க்கரைப் பொருளாலான வழவழப்பான உறை உண்டு. அந்த உறையால் மற்ற பாதுகாப்பு அணுக்களின் பிடியிலிருந்து நழுவும் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். அது போனபின் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கும் தொற்று ஒரே நாளில் உயிருக்கே உலை வைக்கலாம். இந்த வகை நோய்த்தொற்றில் சிகிச்சை கிடைத்தும் பாதிப் பேர் வரை இறக்கிறார்கள். மண்ணீரல் நீக்கிய குழந்தைகளுக்கு இப்படி நேர்வதை அமெரிக்க மருத்துவர்கள் கிங், ஷூமேக்கர் இருவரும் 1952லேயே எழுதிவிட்டார்கள்.

தடுப்பூசிகள் இருக்கின்றன. ஹிப் கிருமிக்கான மருந்து அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டு அரசு மையங்களுக்கு வந்ததே 2011 டிசம்பரில். நிமோகாக்கல் ஊசி 2021இல். இன்று லைனில் நிற்கும் இளைஞர்கள் அதற்கெல்லாம் முன்பே பிறந்தவர்கள். எனவே ஹிப் ஒரு தவணை வேண்டும். நிமோகாக்கலில் 20 வகைக்கான ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும். 13 வகைக்கானது போட்டால் 8 வாரம் கழித்து 23 வகைக்கானது, அது 5 ஆண்டு கழித்து மறுபடியும். மெனிங்கோகாக்கல் 8 வார இடைவெளியில் இரண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒன்று. ஃப்ளூ ஊசி வருடா வருடம். திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடலாம். விபத்தில் அது நடக்காது. அறுவைக்குப் பின் 14ஆம் நாள் தொடங்குவதே நல்லது.

என் வருத்தம் இங்கேதான். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ அருமையான திட்டம். அது விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. பதினான்காம் நாளில் ஒப்பந்தத் தொழிலாளி சம்பளம் போன கவலையில் இருப்பார்; சில ஆயிரம் ரூபாய் ஊசிக்கு எங்கே போவார்? மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. அந்த டிஸ்பென்சரியில் இந்த ஊசிகள் கேட்காமலே கிடைக்கவேண்டும்.

வடுவே இல்லாமலும் மண்ணீரல் செயலிழக்கும். ஒடிசா, சத்தீஸ்கரிலிருந்து வரும் தொழிலாளர்கள் சிலருக்கு அரிவாள் செல் நோய் உண்டு. அதில் மண்ணீரல் தானாகவே சுருங்கிப் போகிறது. ஊருக்குப் போய்வரும்போது மலேரியாவும் மண்ணீரல் வேலை செய்யாதவர்களைக் கடுமையாகத் தாக்கும். கொசுவலையும் மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரையும் அவசியம். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியோடு நிறுத்தக்கூடாது. நாயின் வாயிலுள்ள ஒரு பாக்டீரியா இவர்களைக் கொல்லக்கூடியது, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும்.

தடுப்பூசி போட்டாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. மண்ணீரல் இல்லாதவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடக் கூடாது. மருத்துவர் முன்பே எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக்கை விழுங்கிவிட்டு, நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து, ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரூமில் உடன் தங்கியிருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும். உங்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்ப்ளெனெக்டமி’ (மண்ணீரல் நீக்கம்) என்று இருந்து, தடுப்பூசித் தேதி ஒன்றுகூட இல்லையென்றால், அறுவை நடந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.