பல் நகரும் வேகமும் அலைனர் சிகிச்சையும்

பல் வரிசையைச் சீர்செய்வதற்கு, மக்கள் கிளிப் என்று அழைக்கும் உலோகக் கம்பிகளுக்கு மாற்றாக, 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அலைனர், பற்களின் மேல் பொருந்தும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையாகும். ஓர் அலைனர் பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் மட்டுமே நகர்த்தும்படி வடிவமைக்கப்படுவதால், பல அலைனர்களை ஒன்றன்பின் ஒன்றாக அணிய வேண்டியிருந்து, சிகிச்சை ஓராண்டையும் தாண்டுவதுண்டு. அக்காலத்தைக் குறைப்பதாகக் கூறும் கருவிகள் பெருகியதற்கு இதுவே காரணம்.

வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனே கொண்ட பல்சூழ் இணைநார் என்னும் இழைத்திசு இருக்கிறது. அலைனர் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களும், இழுபடும் பக்கத்தில் எலும்பை உருவாக்கும் செல்களும் செயல்படுவதால்தான் பல் இடம்பெயர்கிறது. விசையைக் கூட்டினால் வேகமும் கூடும் என்பது தவறான கணக்கு: அழுத்தம் மிகுந்தால் இணைநாரில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு உயிரிழக்கிறது, அதை உடல் அகற்றும்வரை பல் நின்றுவிடுவதோடு, வேர்நுனி கரையும் ஆபத்தும் வளர்கிறது.

நாள்தோறும் 20 நிமிடங்கள் கடித்துக்கொள்ள வேண்டிய, நொடிக்கு 30 முறை அதிரும் கருவி, பல் நகர்வை விரைவாக்கும் என்று பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டது. ஆயினும், வாரந்தோறும் அலைனர் மாற்றியவர்களில் சிலருக்கு உண்மையான கருவியும் மற்றவர்களுக்கு அதிராத போலிக் கருவியும் கொடுத்து ஒப்பிட்டு, 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அதே நோக்கில் எலும்பில் சிறு காயம் ஏற்படுத்தும் முறைக்கு உறுதியான அடிப்படை உண்டு. காயம்பட்ட இடத்தில் எலும்பின் கரைதலும் ஆக்கமும் சில மாதங்களுக்குத் துரிதமடைவதை எலும்பியல் மருத்துவர் ஹெரால்டு ஃபிராஸ்ட் 1983இல் விளக்கினார். ஆனால் அந்தத் துரிதம் தற்காலிகமானது. தாடை எலும்பில் நுண்துளைகள் இடுவதால் மட்டும் மொத்தச் சிகிச்சைக்காலம் கணிசமாகக் குறையும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை.

இவற்றைவிட முதன்மையானது அணியும் நேரம்: கழற்றக்கூடியது என்பதே அலைனரின் வசதியும் பலவீனமுமாக இருப்பதால், நாளுக்கு 20 முதல் 22 மணிநேரம் அணியாவிட்டால் திட்டமிட்ட நகர்வு நிறைவேறாது. முன்பு இரு வாரங்களாக இருந்த மாற்றும் இடைவெளி இப்போது பலருக்கு ஒரு வாரமாகியுள்ளது. எனினும் கோரைப்பல்லைத் திருப்புவது போன்ற கடினமான நகர்வுகளுக்கு மருத்துவர் கூடுதல் நாட்கள் கொடுக்கக்கூடும். பல்லின் விளிம்புக்கும் அலைனருக்கும் இடையே வெற்றிடம் தெரிந்தால், பல் திட்டத்துக்குப் பின்தங்கிவிட்டது என்று பொருள். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்தடுத்த அலைனருக்குத் தாவுவோருக்கு, மீண்டும் ஸ்கேன் எடுத்துப் புதிய தொகுதி செய்ய நேர்ந்து, சிகிச்சை மேலும் சில மாதங்கள் நீள்கிறது.