கழுகின் வயதைக் காட்டும் இறகுகள்

வட அமெரிக்காவுக்கே உரிய வெண்தலைக் கழுகு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழுப்பு நிறத்தின் பல படிகளைக் கடந்த பின்னரே, அதன் பெயருக்குக் காரணமான வெண்ணிறத் தலையைப் பெறுகிறது. மேரிலாந்து மாநிலத்தில் சஸ்குவஹானா ஆற்றிலுள்ள கோனோவிங்கோ அணையின் கீழ்ப்புறத்தில், சுழலிகளில் அடிபட்டு வரும் மீன்களை நாடி நவம்பரில் இக்கழுகுகள் திரளும்போது, ஒளிப்படக் கலைஞர்களை எளிதில் ஈர்ப்பவை வெண்தலைப் பறவைகளே. எனினும் ஒரு படத்திலிருந்து அறியத்தக்க செய்தி மிகுந்திருப்பது பழுப்பு நிற இளம்பறவைகளிடம்தான்.

முதல் ஆண்டில் உடலும் அலகும் கண்ணும் கருமை சார்ந்தே இருக்கின்றன. அப்பருவத்துக் கழுகின் சிறகுப் பின்விளிம்பில் அமைந்த பறப்பிறகுகள் முதிர்ந்த பறவையினுடையவற்றைவிட நீளமாகவும் கூர்நுனியோடும் இருப்பதால், பறக்கும்போது குஞ்சு தாயைவிடப் பெரிதாகத் தோன்றிப் புதியவர்களை ஏமாற்றிவிடும். பழைய இறகுகள் விழுந்து புதியவை முளைக்கும் இறகுதிர்ப்பு ஒரே ஆண்டில் நிறைவடையாததால், இரண்டாம் ஆண்டுப் பறவையின் சிறகில் குட்டையான புதிய இறகுகளும் நீளமான பழைய இறகுகளும் அடுத்தடுத்து நின்று, பின்விளிம்பு ரம்பப் பல்போல் காணப்படும். வயிற்றிலும் முதுகிலும் தோன்றும் வெண்திட்டுகள் பறவைக்குப் பறவை மாறுபடுவதால், அவற்றைவிட இவ்விளிம்பே நம்பத்தக்க சான்று. மூன்றாம் ஆண்டில் விளிம்பு பெரும்பாலும் சீராகி, அலகும் கண்ணும் மஞ்சளாகத் தொடங்க, வெளிறிய முகத்தில் கண்ணின் குறுக்கே விராலடிப்பானுக்கு உள்ளது போன்ற கரும்பட்டை தெரியும். நான்காம் ஆண்டில் தலை வெளுத்துவிட்டாலும், அதில் சில கறைகளும் வால் நுனியில் கருமையும் எஞ்சியிருக்கும்.

ஆகவே வயதறிய எடுக்கும் படத்தில், அழகிய முகத்தைவிட விரிந்த சிறகின் அடிப்புறமே முதன்மையானது. சிறகசைவை உறையச் செய்ய 1/2000 நொடி அளவிலான ஷட்டர் வேகம் வேண்டும். கேமரா கரிய உடலை அளந்து வெளிச்சத்தைக் கூட்டினால் முதிர்ந்த பறவையின் வெண்தலை விவரமின்றி வெளிறிவிடும் என்பதால் அங்கு எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். ஒளிமிக்க வானத்தின் பின்னணியில் பறக்கும் இளம்பறவைக்கோ அதைக் கூட்ட வேண்டும்.

இவ்வாறு வயதைப் பிரித்தறிவது பொழுதுபோக்கு மட்டுமன்று. பென்சில்வேனியாவின் ஹாக் மவுன்டன் காப்பகத்தில் 1935 முதல் 1939 வரை காணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம்பறவைகளாக இருந்தன. 1955 முதல் 1959 வரையிலான காலத்தில் அது 20 விழுக்காடாகச் சரிந்ததையும், 1957-இல் 32 முதிர்ந்த பறவைகளுக்கு ஓர் இளம்பறவையே தென்பட்டதையும் ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியான தமது ‘மௌன வசந்தம்’ நூலில் எடுத்துக்காட்டினார். முட்டையோட்டை மெலியச் செய்து குஞ்சு பொரிப்பதைக் கெடுத்த டி.டி.டி. பூச்சிக்கொல்லி அமெரிக்க வேளாண்மையில் 1972-இல் தடை செய்யப்பட்டது. 2007-இல் வெண்தலைக் கழுகு அந்நாட்டின் அழிநிலை உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.