கர்ப்பப்பைக்குள் இருப்பது எந்த ஸ்கேனில் தெரியும்?

பாம்பன், மண்டபம் பக்கம் ஊசிக் கணவாய் ஆய்ந்து பழகியவர்களுக்குத் தெரியும்: தலையை இழுத்தெடுத்தபின் மிஞ்சுவது தட்டையான ஒரு பை. உள்சுவர்கள் ஒட்டிக் கிடக்கும். உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வெளியே தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. வாயைத் திறந்து தண்ணீர் விட்டால் பை உப்பும். ஒட்டியிருக்கும் துணுக்கு கண்ணில் படும்.

கரு தரிக்காதபோது கர்ப்பப்பையும் அப்படித்தான். தடித்த தசைச் சுவர்கள், நடுவில் மூடிக் கிடக்கும் இடைவெளி. பெரும்பாடு, கரு தங்காமை, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு என்று வருகிறவர்களுக்கு அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உள்வழி ஸ்கேன்: பிறப்புறுப்பு வழியே கருவியை வைத்துப் பார்ப்பது. முதல் சோதனை இதுதான். ஒலியலையில் இயங்குவதால் கதிர்வீச்சு இல்லை. மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டவருக்கு உட்படலம் 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் உதிரம் தொடர்ந்தால் சதைப் பரிசோதனை தேவை. சிறிய பாலிப் (உட்படலத்தில் வளரும் சதை), சுவர்களுக்கிடையே நசுங்கி, வெறும் தடித்த படலமாகத் தோன்றிவிடலாம்.

சலைன் ஸ்கேன்: கணவாய்க்குள் தண்ணீர் விடுவது இதுதான். மெல்லிய குழாய் வழியே சில மில்லிலிட்டர் சலைன் செலுத்தியபடி ஸ்கேன் செய்வார்கள். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். அதற்குள் பாலிப் வெளிறிய சதையாகத் தொங்கும். ஃபைப்ராய்டு (தசைக் கட்டி) சுவரிலிருந்தே புடைத்து நிற்கும். மாதவிடாய் உள்ளவர்களுக்கு உதிரம் நின்றதும், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 10ஆம் நாளுக்குள் செய்வது வழக்கம். கர்ப்பமோ தொற்றோ இருந்தால் செய்யக் கூடாது.

எச்.எஸ்.ஜி.: சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. கருக்குழாய் அடைப்பைக் கண்டறிய உதவும். ஆனால் உள்ளே தெரிவது நிழல் மட்டும். காற்றுக் குமிழியும் பாலிப்பும் ஒன்றுபோலவே தோன்றலாம். வெளிவடிவம் தெரியாததால், நடுவே தடுப்புள்ள கர்ப்பப்பையா, இரண்டாகப் பிரிந்ததா என்று சொல்ல முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும்.

எம்.ஆர்.ஐ.: சுவரின் ஆழத்தைக் காட்டும். பல ஃபைப்ராய்டுகள், அடினோமையோசிஸ் (உட்படலத் திசு தசைச் சுவருக்குள் வளர்வது) என்றால் பயன் அதிகம்.

ஹிஸ்டரோஸ்கோபி: கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டு நேரில் பார்ப்பது. பாலிப்பை அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சுவருக்குள் புதைந்திருப்பது இதில் தெரியாது.

பாம்பன், மண்டபம் பக்கத்தவர்களுக்கு ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாதவிடாய் நின்றபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: “உள்ளே இருப்பது என்ன? எதில் பார்த்தீர்கள்? அதை மட்டும் எடுக்க முடியுமா?” கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை.