தோள் தழும்பு காசநோயைத் தடுக்குமா?

சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு தோளில் இருந்தால் காசநோய் வராது என்று நம்புகிறவர்கள் நம் காலனிகளில் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இடமே சதுரங்கப்பட்டினமும் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் திருவள்ளூர் பக்கம் 209 கிராமங்களிலும் ஒரு நகரத்திலும் ஆய்வைத் தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பச்சிளம் குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து காப்பதால் அவர்களுக்குத் தவறாமல் போட வேண்டும்.

உலகம் இதைப் பாடமாகப் படித்தது. கை நீட்டிய ஊர்களின் சேரிகளுக்கு யார் வந்து சொன்னார்கள்?

2023-ல் உலகில் 1.08 கோடி பேருக்கு இந்நோய் வந்தது. நான்கில் ஒருவர் இந்தியாவில். காற்றோட்டமில்லாத ஒற்றை அறையும் அரைவயிற்றுச் சாப்பாடும் அதற்கு வசதி. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள். டீக்கடைகளில் நாம் பட்டது போதாதா? இது தட்டில் பரவாது, இருமும் காற்றில் பரவும்.

இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம், அதுவும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். வராவிட்டால் அங்கேயே கேளுங்கள்.